தெனுகுயி: யப்பானியர் கைத்துண்டின் வரலாறு

அரசர் பெயர்களையும் போர் நிகழ்ந்த ஆண்டுகளையும் நிரல்பட உரைப்பதே வரலாறு என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. அரண்மனைகளும் கோட்டைகளும் கல்வெட்டுக்களும் காலத்தைக் கடந்து நிற்பதனால், அவற்றை எழுப்பியோரின் வரலாறு எளிதில் எழுதப்பட்டது. உழுதவனும் நெய்தவனும் சுமை தூக்கியவனும் கையாண்ட பொருள்கள் பெரும்பாலும் மண்ணோடு மண்ணாயின. அப்பொருள்களுள்ளும் விரைந்து அழிவது துணி. துணிகளுள்ளும் விரைந்து அழிவது வியர்வை துடைக்கும் துண்டு. புதியதாய் இருக்கும்போது தலையிற் கட்டி, நைந்தபின் அடுக்களைத் துணியாக்கி, கந்தலானதும் எறிந்துவிடும் ஒன்றை எவரும் பேழையில் வைத்துப் போற்றுவதில்லை. ஆயினும், யப்பான் நாட்டு மக்கள் கையாண்ட அத்தகைய துண்டொன்று, கடல் வாணிகம், அரசின் சட்டம், நாடக மேடை, சாயத் தொழில் என்னும் நான்கின் வரலாற்றையும் தன்னகத்தே கொண்டுள்ளது. தெனுகுயி என்பது அதன் பெயர். அதன் வரலாற்றையும் அதிற் பொறிக்கப்பட்ட கோலங்களின் பொருளையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் அமைப்பும்

யப்பானிய மொழியில் 'தெ' என்பது கை. 'நுகுயி' என்பது துடைத்தல். எனவே தெனுகுயி என்பது 'கை துடைப்பது' எனப் பொருள்படும் காரணப்பெயராகும். பத்தாம் நூற்றாண்டில் மினாமொத்தோ நோ சித்தாகோ என்னும் அறிஞர் தொகுத்த அகராதியிலேயே இதன் பழைய வடிவம் இடம்பெற்றுள்ளது. ஆதலின் பொருளும் பெயரும் ஆயிரம் ஆண்டுப் பழமையுடையன எனல் பொருந்தும்.

இன்று வழங்கும் தெனுகுயி ஏறத்தாழ 33 முதல் 36 சதமமீற்றர் வரை அகலமும் 90 சதமமீற்றர் நீளமும் உடையது. யப்பானியரின் மரபுடைக்கு வேண்டிய துணி ஒடுங்கிய தறியில் நெய்யப்பட்டது; அத்துணியின் அகலமே துண்டின் அகலமாயிற்று. ஊடும் பாவும் ஒன்றுவிட்டொன்று செல்லும் எளிய நெசவு அதற்குரியது. அதன் இரு முனைகளும் மடித்துத் தைக்கப்படுவதில்லை. இதனைக் குறையெனக் கருதுவோர் உளர்; ஆனால் பழக்கத்தின் அறிவு அதனுள் அடங்கியிருக்கின்றது. மடிப்பில்லாத முனையில் அழுக்குத் தங்காது, நீர் நில்லாது, ஈரம் விரைவில் உலரும். மேலும், காயம் பட்டவிடத்துக் கட்டுவதற்கோ, வழியில் அறுந்த மிதியடியின் வாரை மாற்றுவதற்கோ துண்டினைக் கையாலேயே நீளக் கிழித்துக்கொள்ளலாம். தைத்த முனை இருப்பின் அது இயலாது.

பருத்தி வந்த கதை

தொடக்கத்தில் இத்துண்டு பருத்தியால் ஆனதன்று. பழைய யப்பானில் பொதுமக்கள் சணல் முதலிய நார்த்துணிகளையே உடுத்தனர். உயர்குடியினர் பட்டு உடுத்தனர். பருத்தி அந்நாட்டுக்கு வந்த முதற் செய்தி, அரசவையின் பழைய வரலாற்றேடுகளிற் காணப்படுகின்றது. கி. பி. 799 ஆம் ஆண்டில் மிக்காவா மாநிலக் கரையில் சிறு படகொன்று ஒதுங்கியது. அதில் இருபது வயது மதிக்கத்தக்க இளைஞன் ஒருவன் இருந்தான். இடத்தோளின்மேல் துறவியர் ஆடை போன்ற துணியொன்றை அணிந்திருந்த அவன் பேச்சு எவர்க்கும் விளங்கவில்லை. அவனைக் கண்ட சீனர் அவன் தென்கடல் நாட்டவன் என்றனர். பின்பு மொழி பயின்ற அவனோ தன்னைத் 'தென்சிக்கு' நாட்டவன் என்றான். தென்சிக்கு என்பது யப்பானியர் இந்தியாவுக்கு வழங்கிய பழம்பெயர். ஒற்றை நரம்புள்ள இசைக்கருவி ஒன்றை மீட்டி அவன் பாடிய பாட்டு துயர் நிறைந்ததாய் இருந்ததென ஏடு கூறுகின்றது. அவன் கொண்டுவந்த பொருள்களுள் புல்விதை போன்றன சில இருந்தன. அவையே பருத்தி விதைகள்.

மறு ஆண்டில் அவ்விதைகள் கீ, ஆவாஜி, ஆவா, சனுக்கி, இயோ, தோசா ஆகிய மாநிலங்களிலும் கியூசுத் தீவின் ஆட்சி மையத்திலும் விதைக்குமாறு அளிக்கப்பட்டன. விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்தல், குழிகளுக்கிடையே நாலடி இடைவெளி விடுதல் என்பன போன்ற முறைகளும் எழுதி வைக்கப்பட்டன. ஆயினும் அப்பயிர் நிலைக்கவில்லை. பருத்தி அந்நாட்டிலிருந்து மறைந்தது. அவ்விளைஞன் உண்மையில் இந்தியனோ, தென்கிழக்காசிய நாட்டவனோ என்பது முடிவு செய்யப்படாத வினாவாகும். எவ்வாறாயினும், இன்று ஐச்சி மாவட்டத்திலுள்ள நிசியோ நகரில் அவனைப் பருத்தியின் தெய்வமாக வழிபடும் கோயில் ஒன்றுண்டு. பெயர் தெரியாத அயலான் ஒருவனை ஓர் ஊரார் தெய்வமாக்கியமை பருத்திக்கு அவர் கொடுத்த மதிப்பினைக் காட்டும்.

பின்னர்ப் பல நூற்றாண்டுகள் வரை பருத்தித் துணி கொரியாவிலிருந்தும் சீனத்திலிருந்தும் இறக்குமதியாகும் அரும்பொருளாகவே இருந்தது. பதினாறாம் நூற்றாண்டிலேயே உள்நாட்டுப் பருத்திச் செய்கை வேரூன்றியது. போர் ஓயாத அந்நூற்றாண்டில் வீரர் உடைக்கும், கப்பற்பாய்க்கும், துப்பாக்கித் திரிக்கும் பருத்தி வேண்டப்பட்டது. அடுத்து வந்த அமைதிக் காலத்தில் அது பொதுமக்கள் உடையாயிற்று. ஒசாக்காவைச் சூழ்ந்த சமவெளியில் உழவர் பருத்தியைப் பயிரிட்டனர். கிழக்குக் கடற்கரையில் வலைஞர் பிடித்து உலர்த்திய சிறுமீன் அப்பயிருக்கு உரமாயிற்று. இவ்வாறு நெடுந்தொலைவிலிருந்த கடற்றொழிலும் உழவும் ஒரு துண்டுத் துணியாற் பிணைக்கப்பட்டன.

சோழமண்டலக் கரையின் கோடுகள்

பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயரும், 1609 ஆம் ஆண்டு முதல் ஒல்லாந்தரும் யப்பானுடன் வாணிகஞ் செய்தனர். ஒல்லாந்தர் முதலில் ஹிராதோவிலும், 1641 முதல் நாகசாக்கித் துறையிலிருந்த தெஜிமா என்னும் சிறு செயற்கைத் தீவிலும் பண்டசாலை வைத்திருந்தனர். அவர்கள் கொண்டுசென்ற சரக்குகளுள் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகள் சிறப்பிடம் பெற்றன. பழவேற்காடு, மசூலிப்பட்டினம், பின்னர் நாகபட்டினம் ஆகியவை அவ்வாணிகத்தின் நிலையங்களாய் விளங்கின. அக்கரையின் துணிகளுக்குச் செந்நிறம் ஊட்டிய சாயவேர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டி எடுக்கப்பட்டு அங்குச் சென்றமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அத்துணிகளுள் ஒருவகை, மெல்லிய நூலில் நீலமும் சிவப்பும் கலந்த நெடுங்கோடுகள் உடையது. யப்பானியர் அதனைச் 'சந்தோமே' என அழைத்தனர். மயிலாப்பூரை அடுத்துப் போர்த்துக்கேயர் நிறுவிய சாந்தோம் என்னும் குடியிருப்பின் பெயரே அது. தமிழ்நாட்டு ஊர்ப்பெயர் ஒன்று, போர்த்துக்கேயர் நாவில் ஏறி, யப்பானிய மொழியில் ஒரு துணிக்கோலத்தின் பெயராய் நிலைத்தது. உள்நாட்டு நெசவாளர் அதனைப் பார்த்து நெய்தபோது, கடல் கடந்து வந்த மூலத்துணியைப் பிரித்தறியும் பொருட்டுத் 'தோசன்' என்னும் பெயர் வழங்கிற்று. பின்பு அதே பெயர் உள்நாட்டுத் துணிக்கும் ஆயிற்று. கோட்டினைக் குறிக்கும் 'சிமா' என்னும் சொல்லும், தீவுகளிலிருந்து வந்த பொருள் எனப் பொருள்படும் தொடரிலிருந்து பிறந்ததென்பர். சிமா என்பது தீவுக்கும் பெயர். அதற்குமுன் யப்பானிய உயர்குடியினர் நெடுங்கோடுகளைப் பெரிதும் விரும்பினாரல்லர். தென்கடல் வழியாக வந்த துணிகளே கோட்டின் அழகை அவர்க்குக் காட்டின.

வேறொரு வகை, பூவும் கொடியும் விலங்கும் எழுதிய சீத்தைத் துணி. அதனை யப்பானியர் 'சரசா' என்றனர். விலை மிகுந்த அத்துணியின் சிறு கீற்றுக்கூட வீணாக்கப்படவில்லை. தேயிலைப் பொடி வைக்கும் கலத்துக்கு உறையாகவும் புகையிலைப் பையாகவும் தைக்கப்பட்டது. 1778 ஆம் ஆண்டில் சரசாக் கோலங்களை விளக்கும் கைந்நூல் ஒன்று வெளியிடப்பட்டது. ஹிக்கோனே என்னுமிடத்தை ஆண்ட இயி குடும்பத்தார் தொகுத்த ஏறத்தாழ 450 துணிக்கீற்றுகள் தோக்கியோ தேசிய நூதனசாலையில் உள்ளன. இந்தியரின் சாய முறை கைவராத யப்பானியத் தொழிலாளர், தாளில் வெட்டிய அச்சுத் தகட்டினால் அக்கோலங்களைப் பதித்தனர். பிறர் கலையைக் கண்ட அவர்கள் தம் கைக்குப் பழகிய கருவியையே கொண்டு அதனை மீட்டும் படைத்தனர்.

இலங்கைத் தமிழர் வழங்கும் துவாய், லேஞ்சி என்னும் சொற்கள் போர்த்துக்கேய மொழியினின்று வந்தவை. அதே காலத்தில் அதே மொழியினின்று யப்பானியரும் மழையங்கிக்குக் 'கப்பா' எனவும், உள்ளங்கிக்கு 'ஜுபான்' எனவும் பெயர் கொண்டனர். ஒரே கப்பல்கள் இரு தீவு நாடுகளிலும் சொற்களை இறக்கிச் சென்றன. ஆயினும் தெனுகுயி என்னும் பெயரை மட்டும் அவர்கள் கைவிடவில்லை.

சட்டமும் சாதுரியமும்

1603 முதல் 1868 வரை தொக்குகாவாக் குடும்பத்து ஷோகுன்மார் எடோ நகரிலிருந்து யப்பானை ஆண்டனர். எடோ என்பது இன்றைய தோக்கியோ. அவர்கள் ஆட்சியில் ஒவ்வொரு குலத்தாரும் இன்னது உடுக்கலாம், இன்னது உடுக்கலாகாது எனச் சட்டம் விதித்தது. 1628 ஆம் ஆண்டில் உழவர் பருத்தியும் சணலுமே உடுத்தல் வேண்டுமென ஆணை பிறந்தது. ஊர்த்தலைவருக்கும் உழவரின் மனைவியருக்கும் முரட்டுப்பட்டு மட்டும் அனுமதிக்கப்பட்டது. நகரத்து வணிகர் செல்வம் பெருகியபோது அவர்மீதும் அத்தகைய தடைகள் பன்முறை விதிக்கப்பட்டன.

இத்தடைகள் நகர மக்களின் சுவையை அழித்துவிடவில்லை. பகட்டான நிறங்கள் மறுக்கப்பட்டபோது அவர்கள் நீலம், கபிலம், சாம்பல் என்னும் அடங்கிய நிறங்களுக்குள்ளேயே நுண்ணிய வேறுபாடுகளைத் தேடினர். 'நாற்பத்தெட்டுக் கபிலம், நூறு சாம்பல்' என்னும் வழக்கு அதனாலேயே எழுந்தது. பட்டு மறுக்கப்பட்டபோது பருத்தியிற் கலைத்திறனைக் காட்டினர். விலைகுறைந்த கைத்துண்டு எந்தச் சட்டத்தின் கண்ணிலும் உறுத்தாத பொருள். ஆகவே நகரத்தாரின் நகைச்சுவையும் செருக்கும் அங்கே புகலிடம் பெற்றன.

1784 ஆம் ஆண்டில் எடோவின் சினோபாசுக் குளத்தருகே 'தனாகுயி அவாசே' என்னும் காட்சி நடைபெற்றது. அவாசே என்பது ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் போட்டியிடுதல். பழங்கால அரசவையிற் புலவர் இரு பக்கமாய் அமர்ந்து கவிதைகளை ஒப்பிட்டுப் போட்டியிடுவர். அவ்வுயர்ந்த வழக்கத்தைக் கேலியாகப் பின்பற்றி, வியர்வைத் துண்டுகளின் கோலங்களைப் போட்டிக்கு வைத்தனர் எடோ நகரத்தார். காட்சிக்கு வந்த கோலங்களைப் படங்களுடன் நூலாக வெளியிட்டவர் சந்தோ கியோதென் (1761-1816) என்னும் எழுத்தாளர். ஓவியமும் எழுத்தும் ஒருங்கே வல்ல அவர், பின்பு 1791 ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்ட வகைக் கதைகளை எழுதினார் என்னும் குற்றத்துக்காக ஐம்பது நாள் கைவிலங்கிடப்பட்டார். கைத்துண்டில் விளையாடிய நகைச்சுவை ஏட்டிலும் விளையாடியபோது அரசு அதனைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

நாடக மேடையும் துண்டும்

தெனுகுயிக் கோலங்களுட் பல கபுக்கி என்னும் நாடக மேடையில் தோன்றியவை. நடிகர் தமக்கெனக் கோலமொன்றை வகுத்து, அதனைத் துண்டுகளிற் பொறித்து, ஆதரவாளர்க்கு வழங்கினர். இரசிகர் அத்துண்டைத் தலையிற் கட்டுவதன் மூலம் தம் அன்பை வெளிப்படுத்தினர்.

அவற்றுட் புகழ்பெற்றது 'கமாவனு' என்பது. இதில் ஓர் அரிவாள், ஒரு வளையம், 'நு' என்னும் எழுத்து ஆகிய மூன்றும் வரிசையாய் நிற்கும். அரிவாள் 'கமா', வளையம் 'வா', எழுத்து 'நு'. சேர்த்துப் படிக்கக் 'கமாவனு' ஆகும். 'அதைப் பொருட்படுத்தேன்' என்பது அதன் கருத்து. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எடோ வீதிகளில் அஞ்சாது திரிந்த நகரத்து வீரர் இதனை உடையில் அணிந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழாம் இச்சிகாவா தஞ்சூரோ (1791-1859) என்னும் பெருநடிகர் இதனை மேடையில் அணிந்து புத்துயிர் அளித்தார். அரிவாளும் வளையமும் ஊரெங்கும் பரவின. அவருக்குப் போட்டியாய் விளங்கிய மூன்றாம் ஒனொயே கிக்குகோரோ கோடரி, 'கொத்தோ' என்னும் நரம்புக் கருவி, செவ்வந்திப்பூ ஆகியவற்றைச் சேர்த்து வேறொரு கோலம் வகுத்தார். 'யொக்கி', 'கொத்தோ', 'கிக்கு' என்னும் அம்மூன்று பெயர்களும் சேர்ந்து 'நற்செய்தி கேட்பேன்' எனப் பொருள்தரும்.

ஒரு சொல் இருபொருள் தருமாறு பாடுவதைத் தமிழ்ப் புலவர் சிலேடை என்பர். காளமேகத்தின் சிலேடையைச் செவியாற் கேட்டுச் சுவைப்பதுபோல, எடோ நகரத்தார் தம் சிலேடையைக் கண்ணாற் கண்டு சுவைத்தனர். எழுத்தறிவு குறைந்தவனும் அரிவாளையும் வளையத்தையும் அறிவான். ஆகையால் இச்சுவை கற்றோர்க்கு மட்டும் உரியதாய் அமையவில்லை.

இச்சுவைக்குப் பின்னால் ஒரு கசப்பும் உண்டு. 1841 முதல் 1843 வரை அமைச்சர் மிசுனோ தடக்குனி கடுமையான சீர்திருத்தங்களை நடத்தினார். நாடகக் கொட்டகைகள் நகரின் எல்லைக்கு மாற்றப்பட்டன. 1842 ஆம் ஆண்டில் ஏழாம் தஞ்சூரோ ஆடம்பரக் குற்றத்துக்காக எடோவிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1849 ஆம் ஆண்டிலேயே அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது. 'பொருட்படுத்தேன்' என்னும் கோலத்தை ஊருக்குத் தந்தவர் ஏழாண்டு வேற்றூர் மேடைகளில் நடித்துக் காலங்கழித்தார். அக்கோலமோ எடோ மக்களின் தலையிலும் தோளிலும் எஞ்சியது. மேடையிலிருந்து மனிதனை அகற்றுதல் அரசுக்கு எளிதாயிருந்தது. நூறாயிரம் கைத்துண்டுகளைத் தேடிப் பறித்தல் எளிதாயில்லை.

இரு நிறச் சதுரங்கள் மாறி மாறி அமைந்த 'இச்சிமத்சு' என்னும் கோலமும் மேடையிலிருந்தே பெயர் பெற்றது. 1741 ஆம் ஆண்டில் எடோவின் நக்காமுரா அரங்கில் சனொகாவா இச்சிமத்சு என்னும் இளநடிகர் அக்கோலமுள்ள உடையை அணிந்து தோன்றினார். பழமையான அக்கோலம் அதற்குமுன் 'கற்பாவல்' எனப் பொருள்படும் பெயரால் வழங்கியது. அன்றுமுதல் நடிகர் பெயராலேயே வழங்கலாயிற்று. 2021 ஆம் ஆண்டில் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டு விழாவின் சின்னம் இக்கோலத்தைத் தழுவி, மூவகை நாற்கோணங்கள் 45 கொண்டு நீல நிறத்தில் அமைக்கப்பட்டது. மேடை நடிகர் ஒருவரின் பெயர் பெற்ற கோலம் இருநூற்றெண்பது ஆண்டுகளின் பின் நாட்டின் அடையாளமாயிற்று.

கோலங்களின் பொருள்

வேறு சில கோலங்கள் இயற்கையிலிருந்தும் வாழ்வியல் வேட்கைகளிலிருந்தும் பிறந்தவை. 'அசனொகா' என்பது சணல் இலை. அறுகோணத்துள் அமைந்த விண்மீன் போன்ற தோற்றமுடையது. சணல் சில திங்களிலேயே நிமிர்ந்து உயர்ந்து வளர்வதால், குழந்தையும் அவ்வாறு நோயின்றி வளர்க என்னும் வேண்டுதலுடன் பிறந்த குழந்தையின் உடையில் இதனைப் பொறித்தனர். 1809 ஆம் ஆண்டில் ஐந்தாம் இவாயி ஹன்சிரோ என்னும் பெண்வேட நடிகர் இதனை மேடையில் அணிந்தபின் இளம்பெண்களிடையேயும் இது பரவியது.

'செயிகய்கா' என்பது அரைவட்டங்கள் அடுக்கடுக்காய் அமைந்த அலைக்கோலம். அமைதியான கடல் எல்லையின்றி விரிவதுபோல் நன்மையும் விரிக என்பது இதன் குறிப்பு. பழைய அரசவை ஆடலொன்றின் பெயரே இதற்கும் பெயராயிற்று. 'உரொக்கோ' என்பது முக்கோணங்களாலான செதிற்கோலம். பாம்பின் செதிலை நினைவூட்டும் இது தீங்கு விலக்குவதென நம்பப்பட்டது. தும்பி முன்னோக்கியே பறப்பதென்று கொண்டு, பின்வாங்காத வீரத்துக்கு அதனை அடையாளமாக்கினர்.

'மாமே சிபோரி' என்பது வெண்டுணியில் நீலப் புள்ளிகள் வரிசைபட அமைந்தது. மாமே என்றால் அவரை. உடல்நலமும் ஊக்கமும் உடைமை என்றும் பொருள்படும். துணியை மடித்துப் பலகைகளுக்கிடையில் இறுக்கிச் சாயத்திலிடுவதால் இப்புள்ளிகள் உண்டாகும். நகோயாவிலுள்ள அரிமத்சு என்னும் ஊர் இத்தகைய முடிச்சுச் சாயத்துக்குப் பேர்போனது. 1608 ஆம் ஆண்டில் நெடுஞ்சாலையோரத்தே குடியேற்றப்பட்ட அவ்வூரில் வேளாண்மைக்கு ஏற்ற நிலம் குறைவு. ஆகவே ஊரார் வழிச்செல்வோர்க்குச் சாயமிட்ட கைத்துண்டுகளை விற்கத் தொடங்கினர். விளைநிலம் இல்லாத ஊர் கைத்திறனால் வாழ்ந்தது.

சாயமும் செய்முறையும்

எடோக் காலத்துத் தெனுகுயியின் நிறம் பெரும்பாலும் நீலமே. தமிழர் அறிந்த அவுரியினின்றும் அந்நீலம் வேறானது. யப்பானியர் பயிரிட்டது வேறு குடும்பத்தைச் சேர்ந்த சிறுசெடி. அதன் இலைகளை உலர்த்தி, நீர் தெளித்துப் பல வாரங்கள் புளிக்கவைத்துச் சாயப்பொருளாக்கினர். சிக்கொக்குத் தீவின் ஆவா மாநிலம் அதிற் சிறந்து விளங்கியது. 1874 ஆம் ஆண்டில் யப்பானுக்கு வந்த ஆங்கில இரசாயன அறிஞர் அற்கின்சன் எங்கும் நீலத்துணியையே கண்டு, அதற்கு 'யப்பான் நீலம்' எனப் பெயரிட்டார்.

கோலம் பதிக்கும் தகடு தாளினால் ஆனது. முசுக்கட்டை மரத்தின் நாரிற் செய்த தாள்களைப் பனிச்சைக் குலத்துக் காயின் துவர்ப்புச் சாற்றினால் ஒட்டி, புகையூட்டிப் பதப்படுத்தி, கூரிய கத்தியால் வெட்டுவர். இசே மாநிலத்துச் சிரொக்கோ என்னும் ஊரார் இதில் வல்லவர். அரிசிமாப் பசையைத் தகட்டின் மீது பூசும்போது, வெட்டிய இடங்களின் வழியே பசை துணியிற் படியும். பசை பட்ட இடத்திற் சாயம் ஏறாது.

இம்முறையை அடிப்படையாகக் கொண்டு மெயிஜி ஆட்சிக் காலத்தில் (1868-1912) ஒசாக்காவிற் புதுமுறை ஒன்று தோன்றியது. 'சூசென்' எனப்படும் அது 'ஊற்றிச் சாயமிடுதல்' எனப் பொருள்படும். நீண்ட துணியின் ஒரு பகுதியில் தகட்டை வைத்துப் பசையைப் பூசுவர். பின் துணியை அதன்மேல் மடித்து மீண்டும் பசை பூசுவர். இவ்வாறு துண்டின் அளவுக்கு முன்னும் பின்னுமாய் மடிக்க, இருபது முப்பது படலங்கள் ஒன்றன்மேலொன்றாய் அமையும். பின்பு, நிறங்கள் ஒன்றோடொன்று கலவாதிருக்கப் பசையினால் வரம்பு கட்டுவர். வயலுக்கு வரம்பு கட்டுவது போன்றது அது. ஒடுங்கிய மூக்குள்ள கலத்தினாற் சாயத்தை வரம்புக்குள் ஊற்ற, அடியிலுள்ள பொறி காற்றை உறிஞ்சிச் சாயத்தை எல்லாப் படலங்களினூடும் இழுக்கும். துணியடுக்கைப் புரட்டி மறுபக்கமும் ஊற்றுவர். இறுதியில் நீரில் அலசிப் பசையைப் போக்கி, உயர்ந்த கம்பங்களிலிருந்து நெடுந்தொங்கலாய் உலர்த்துவர்.

இம்முறையின் பயன்கள் இரண்டு. சாயம் நூலின் உள்ளே ஊடுருவுவதால் துண்டின் இருபக்கமும் ஒரே தெளிவுடன் விளங்கும். அச்சிட்ட துணிபோல் மறுபக்கம் வெளிறியிராது. வரம்புக்குள் இரண்டு நிறங்களை அடுத்தடுத்து ஊற்றினால் அவை மெல்லக் கலந்து இடைநிறமொன்றைத் தரும். ஊற்றுபவனின் கையைப் பொறுத்தே அக்கலப்பு அமையுமாதலின் ஒன்றைப்போல் மற்றொன்று முற்றிலும் அமைவதில்லை. பொறியின் வேகமும் கையின் நிதானமும் இங்கு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

பயன்பாடு

ஒரு துண்டினால் ஆகும் காரியங்கள் பல. உழைப்பாளி அதனை முறுக்கி நெற்றியிற் கட்டினான். வீடு கூட்டும் பெண் கூந்தலில் தூசு படாதவாறு தலையைப் போர்த்தினாள். கன்னங்களை மறைத்துக் கட்டுவதும் ஒரு வழக்கம். நாடகத்திற் கள்வனைக் காட்ட அதுவே வேடமாயிற்று. வாட்போர்ப் பயிற்சி செய்வோர் இரும்புக் கம்பியுள்ள முகக்கவசத்தின் உள்ளே இன்றும் தெனுகுயியைக் கட்டுகின்றனர். வியர்வை கண்ணில் வழியாதவாறு அது காக்கும்.

'ரக்குகோ' என்னும் கதைசொல்லும் கலையில் இத்துண்டு பெறும் இடம் தனிச்சிறப்புடையது. கதைசொல்பவர் ஒருவரே மேடையில் அமர்ந்து, எழுந்து நில்லாமல், எல்லாப் பாத்திரங்களையும் தாமே நடிப்பார். விசிறியும் தெனுகுயியுமே அவர் கருவிகள். விசிறி எழுதுகோலும் புகைக்குழாயும் ஆகும். துண்டு மடலும் பணப்பையும் புத்தகமும் ஆகும். அக்கலையில் இரண்டாம் நிலை எய்தியவர் தம் பெயர் பொறித்த துண்டுகளை வழங்குவது வழக்கம். வணிகரும் புத்தாண்டில் கடையின் பெயர் பொறித்த துண்டுகளை வாடிக்கையாளர்க்கு அளித்தனர். நன்றி கூறவும் அறிமுகஞ் செய்யவும் தெனுகுயி ஒரு மடல்போல் உதவிற்று.

வீழ்ச்சியும் மீட்சியும்

மெயிஜி ஆட்சியில் யப்பான் மேனாட்டுப் பொறித்தொழிலை ஏற்றது. 1893 ஆம் ஆண்டில் பம்பாய்க்கும் யப்பானுக்குமிடையே யப்பானியக் கப்பற்சேவை தொடங்கியது. இந்தியப் பருத்தியைக் கொணர்வதே அதன் முதன்மை நோக்கம். 1896 ஆம் ஆண்டில் இறக்குமதிப் பருத்திக்கான தீர்வை நீக்கப்பட்டது. நூற்பாலைகள் பெருகின, உள்நாட்டுப் பருத்திச் செய்கையோ சில ஆண்டுகளிற் குன்றியது. 1897 ஆம் ஆண்டில் சேர்மனியில் விற்பனைக்கு வந்த செயற்கை நீலம் ஆவா நாட்டு நீலச் செய்கையைத் தளர்த்தியது. இதே காலத்தில் கண்ணி நூலுடைய மேனாட்டுத் துவாயும் வந்தது. 1887 ஆம் ஆண்டில் இசுமிசானோவிலும் 1894 ஆம் ஆண்டில் இமபாரியிலும் துவாய் நெசவு தொடங்கியது. இவ்விரு ஊர்களும் இன்று துவாய்க்குப் பேர்போனவை.

அடுத்துப் போர் வந்தது. 1938 ஆம் ஆண்டில் உள்நாட்டுத் தேவைக்கான பருத்திப் பொருள்களின் உற்பத்தியும் விற்பனையும் தடைசெய்யப்பட்டன. 1942 ஆம் ஆண்டில் உடைக்குப் பங்கீட்டு முறை புகுத்தப்பட்டது. மக்கள் சிரிப்பதற்காகக் கோலமிட்ட துண்டு, படைக்குச் செல்லும் இளைஞர் நெற்றியிற் கட்டும் துண்டாயிற்று. எப்பொருளும் தன்னைக் கையாளும் காலத்தின் நிறத்தை ஏற்கும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

போருக்குப்பின் துவாயும் தாட்கைக்குட்டையும் தெனுகுயியின் இடத்தைப் பெரும்பாலும் கவர்ந்தன. எனினும் அது மறையவில்லை. 1980 ஆம் ஆண்டுகள் தொட்டு அதன் கோலங்களில் மக்களுக்கு மீண்டும் விருப்பம் உண்டாயிற்று. தெனுகுயிக்கென்றே கடைகள் தோன்றின. சட்டகத்தில் இட்டுச் சுவரில் மாட்டுவோரும், பரிசுப்பொருளைப் பொதிவோரும் பெருகினர். ஒசாக்காவின் சூசென் முறை 'நனிவா ஹொன்சொமே' என்னும் பெயரால் 2019 ஆம் ஆண்டில் அரசினால் மரபுக் கைத்தொழிலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. மெயிஜி காலத்திற் புதுமையாய்த் தோன்றிய முறை நூறாண்டு கடந்தபின் மரபெனப் பெயர் பெற்றது. இதனால், மரபு என்பது ஒரு காலத்தின் துணிந்த முயற்சி என்பது புலனாகும்.

முடிவுரை

இவ்வரலாற்றினின்று பெறப்படும் உண்மைகள் சில. பிறரிடமிருந்து ஏற்பது ஒரு நாட்டுக்கு இழுக்கன்று. சாந்தோமிலிருந்து வந்த கோட்டை ஏற்ற யப்பானியர், தம் தறியிலும் தம் சாயத்திலும் அதனைத் தமதாக்கினர். சட்டம் வாயை அடைக்க முயன்ற காலத்தில் மக்கள் அரிவாளையும் வளையத்தையும் கொண்டு பேசினர். நாட்டின் தொழில் மாறும்போது ஒரு துண்டின் நாரும் நிறமும் மாறின. ஆயினும் அதன் அளவும் மடிப்பில்லாத முனையும் மாறவில்லை.

மற்றொன்றும் நினைக்கத்தக்கது. சோழமண்டலக் கரையில் அக்கோடுகளை நெய்த நெசவாளர் தம் துணி எந்நாட்டுக்குச் செல்கின்றதென்று அறிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் பெயரையும் எவரும் எழுதிவைக்கவில்லை. ஆயினும் அவர்கள் துணி புறப்பட்ட கரையின் பெயர் யப்பானிய அகராதியில் இன்றும் உள்ளது. மன்னர் வரலாற்றை மட்டும் பயிலும் மாணவன் அச்சொல்லைக் காணமாட்டான். அன்றாடம் கையிலெடுக்கும் பொருளின் வரலாற்றையும் வினவத் துணிபவனுக்கே அது புலப்படும். அத்தகைய வினாக்களைத் தம் வீட்டுப் பெட்டகத்திலுள்ள பழந்துணியிலிருந்தே தொடங்குதல் மாணவர்க்கு இயலும்.